டிஸ்னியா, யுனிவர்சலா? முதலில் எடுங்கள் இஞ்ச் டேப்பை!

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஒரு பஞ்சாயத்து கூடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். நயாகராவும் நியூயார்க்கின் சுதந்திர தேவியும் பார்த்து முடித்திருப்பார்கள். அடுத்தது ஃபுளோரிடா, ஆர்லாண்டோ. அதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆர்லாண்டோவில் எங்கே என்று கேட்டதும்தான் வீடு இரண்டாகும். சின்னவளுக்கு எல்சா வேண்டும், அதாவது டிஸ்னி. பெரியவனுக்கு ஹாரி பாட்டர், அதாவது யுனிவர்சல். அப்பாவின் கவலை கிரெடிட் கார்டு பில். பாட்டிக்கு உட்கார ஒரு நிழல் கிடைத்தால் போதும்.

வால்ட் டிஸ்னி வேர்ல்டும் யுனிவர்சல் ஆர்லாண்டோவும் ஐ-4 நெடுஞ்சாலையில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. நெரிசல் இல்லாவிட்டால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் அது அபூர்வம். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. நான்கு பேர் ஒரு வாரம் தங்கினால் விமானச் செலவு நீங்கலாகவே ஆயிரக்கணக்கான டாலர் கரையும். அதனால் 'எது பெரியது, எது பிரமாதம்' என்ற விவாதத்தில் எனக்கு அக்கறையில்லை. வீட்டில் மிகக் குட்டையானவரின் உயரத்தையும் மிக மூத்தவரின் வயதையும் சொல்லுங்கள், பாதி முடிவு அப்போதே ஆகிவிடும். மீதியைப் பணமும் பொறுமையும் பார்த்துக்கொள்ளும்.

சதுப்பு நிலத்தில் ஒரு ராஜ்யம்

கலிபோர்னியாவின் அனாஹைமில் 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கிப்போட வால்ட் டிஸ்னியிடம் பணம் இல்லை. பூங்கா பிரபலமானதும் அதன் வாசல்வரை மோட்டல்களும் விளம்பரப் பலகைகளும் முளைத்தன. அந்த எரிச்சல்தான் ஃபுளோரிடாவில் அவரைச் சுமார் 27,000 ஏக்கர் வாங்க வைத்தது. தன் பெயர் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களைத் தொடங்கி, சதுப்பு நிலத்தையும் ஆரஞ்சுத் தோப்பையும் சத்தமில்லாமல் வாங்கினார். 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ சென்டினல் பத்திரிகை குட்டை உடைத்தது. மறுகணமே அக்கம்பக்க நிலத்தின் விலை மளமளவென்று ஏறியது. ஆனால் அதற்குள் வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது.

பூங்காவைப் பார்க்க வால்ட் இல்லை. 1966 டிசம்பரில் காலமானார். ஓய்வு பெறவிருந்த அண்ணன் ராய் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு வேலையை முடித்தார். தம்பியின் முழுப் பெயரும் இருக்கட்டும் என்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' எனப் பெயர் வைத்து 1971 அக்டோபர் 1-ல் திறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவரும் போய்விட்டார்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. டிஸ்னியின் பலமும் பலவீனமும் அந்த நிலப்பரப்புதான். இன்று நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. 2011-ல் விரிவாக்குவதற்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதிக்கு மேல். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஹோட்டல்கள். இவற்றுக்கிடையே பஸ், படகு, மோனோரயில், 2019-லிருந்து கம்பியில் தொங்கும் ஸ்கைலைனர் பெட்டிகள். வெளியுலகம் கண்ணில் படாது. அதற்காகத்தானே அத்தனை ஏக்கர்! ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போகிறவர் வண்டியை நிறுத்தி, டிராமில் ஏறி, இறங்கி, பிறகு மோனோரயிலோ பெரிய படகோ பிடித்து ஏரியைக் கடக்க வேண்டும். கோட்டை தெரிகிறதே என்று குழந்தை குதிக்கும். அதன் வாசலை மிதிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

யுனிவர்சலின் கதை வேறு. திரைப்பட ஸ்டூடியோவையே பூங்காவாக்கும் அதன் திட்டம் தெரிந்ததும் டிஸ்னி முந்திக்கொண்டு, 1989 மே மாதம் எம்ஜிஎம் ஸ்டூடியோஸைத் திறந்தது. இன்றைய ஹாலிவுட் ஸ்டூடியோஸ் அதுதான். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃபுளோரிடா 1990 ஜூன் 7-ல் திறந்தது. முதல் நாளே மானம் போனது. கிங்காங், பூகம்பம், 'ஜாஸ்' சுறா என்று முக்கியமான ரைடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. சுறா ரைடைப் பிரித்துக் கட்டி மறுபடி ஓட்ட 1993 ஆயிற்று. 1999-ல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் வந்தது. ஆனாலும் நெடுநாள் அது டிஸ்னிக்கு வருகிறவர்கள் ஒருநாள் எட்டிப் பார்க்கும் இடமாகவே இருந்தது.

2010 ஜூனில் ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் கோட்டை எழுந்ததும் கணக்கு மாறியது. 2014-ல் பக்கத்துப் பூங்காவில் டையகன் ஆலி. இரண்டையும் இணைக்க நிஜமாகவே ஓடும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில். 2017-ல் வால்கனோ பே நீர்ப் பூங்கா. 2025 மே 22-ல் எபிக் யுனிவர்ஸ். டிஸ்னியை நிஜமாகவே யோசிக்க வைத்த பூங்கா இதுதான் என்பேன். நின்டெண்டோ, மந்திர அமைச்சகம், டிராகன்களின் பெர்க் தீவு, ஃபிராங்கன்ஸ்டைன் வகையறா பூதங்களின் இருண்ட ஊர் என்று நான்கு உலகங்கள், நடுவில் தோட்டமும் நீரூற்றுமாக ஐந்தாவது.

யார் வீட்டில் யார்?

குழந்தைக்குப் பிடித்த நாயகன் எங்கே இருக்கிறான் என்பதைப் பெரும்பாலோர் தப்பாகக் கணிக்கிறார்கள். மார்வெல் நிறுவனம் 2009-லிருந்து டிஸ்னியின் சொத்து. அதனால் ஸ்பைடர்மேன் டிஸ்னியில் இருப்பான் என்று நினைப்பது இயல்பு. இல்லை, அவன் யுனிவர்சலில் இருக்கிறான்! 1990-களில் மார்வெல் யுனிவர்சலுடன் செய்த ஒப்பந்தம் இன்னும் உயிரோடிருக்கிறது. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே ஸ்பைடர்மேன், ஹல்க், எக்ஸ்-மென் போன்றவர்களைத் தன் பூங்காவில் வைக்க அவர்களின் முதலாளியான டிஸ்னிக்கே உரிமை இல்லை. அந்த வலையில் சிக்காத கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸியை வைத்து எப்காட்டில் ஒரு ரோலர் கோஸ்டர் கட்டி டிஸ்னி திருப்திப்பட்டுக்கொண்டது.

டிஸ்னியிடம் இருப்பவர்கள்: மிக்கி, இளவரசிகள், 'ஃப்ரோஸன்' சகோதரிகள், 'டாய் ஸ்டோரி' பொம்மைகள், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் 'ஸ்டார் வார்ஸ்', அனிமல் கிங்டத்தில் 'அவதார்'. யுனிவர்சலில் ஹாரி பாட்டர், மாரியோ, மினியன்ஸ், ஷ்ரெக், 'ஜுராசிக்' டைனோசர்கள். எந்தப் படத்தைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

அந்தக் கோட்டைத் தொட்டால்தான் அனுமதி

ஒவ்வொரு வேகமான ரைடின் வாசலிலும் ஒரு கம்பு நட்டிருப்பார்கள். அதில் ஒரு கோடு. குழந்தையின் தலை அதைத் தொடாவிட்டால் எவ்வளவு அழுதாலும் உள்ளே விட மாட்டார்கள். அழ வேண்டாம் என்று ஊழியர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் விட மாட்டார்கள். பாதுகாப்பு விஷயம், அவர்கள் செய்வது சரி.

மேஜிக் கிங்டத்தில் இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலான ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு, பீட்டர் பான், டம்போ, பறக்கும் கம்பளம், பேய் மாளிகை, கரீபியன் கடற்கொள்ளையர் எல்லாவற்றிலும் பாட்டி மடியில் பேத்தியோடு போகலாம். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97 செ.மீ. போதும். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டிரானுக்கு 122. மற்ற பூங்காக்களிலும் டிஸ்னியின் பெரிய ரைடுகள் பெரும்பாலும் 97-லிருந்து 112-க்குள் அடங்கிவிடும்.

யுனிவர்சலில் கோடு மேலே ஏறுகிறது. ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள் இருக்கும் ஃபர்பிடன் ஜர்னிக்கும் ஹாக்ரிடின் மோட்டார் பைக்குக்கும் 122. வெலோசிகோஸ்டருக்கு 130. ஹல்க் கோஸ்டருக்கு 137, அதாவது ஏறக்குறைய பத்து வயதுப் பிள்ளையின் உயரம். எபிக் யுனிவர்ஸ் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது: டாங்கி காங் சுரங்க வண்டி, டிராகன் சவாரி போன்றவற்றுக்கு 102 போதும். அங்கும் ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் கோஸ்டருக்கு 122 வேண்டும். 2025 செப்டம்பரில் இதில் சென்ற ஒருவர் இறந்தார். சில வாரம் மூடியிருந்து, அடுத்த மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. முதுகு, இதயம், கழுத்து பற்றிய எச்சரிக்கைப் பலகைகளை நம்மில் பலர் சிகரெட் அட்டை எழுத்துபோலக் கடந்துவிடுகிறோம். எந்தப் பூங்காவாக இருந்தாலும் அதை நின்று படியுங்கள்.

யுனிவர்சலில் சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் அநியாயம். டாக்டர் சூஸ் பகுதியும் 2024-ல் திறந்த டிரீம்வொர்க்ஸ் லேண்டும் அவர்களுக்கானவை. நான்கு வயதுக் குழந்தையை ஒரு நாள் மகிழ்விக்க அது போதும். நான்கு நாளுக்கு இழுக்காது.

குட்டிக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு இடத்திலும் ஒரு வசதி உண்டு. அப்பா ரைடுக்குப் போகும்போது அம்மா குழந்தையோடு காத்திருக்கலாம். அவர் வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். டிஸ்னியில் இதன் பெயர் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப். இது தெரியாமலேயே ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. வாசலில் நிற்கும் ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு எப்காட், பாட்டிக்குப் படகு

மூத்தவர்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, டிஸ்னிதான். யுனிவர்சலின் பல ரைடுகள் பிரம்மாண்டத் திரைக்கு முன்னால் இருக்கையை ஆட்டி, பறப்பதாக நம்ப வைப்பவை. பதினைந்து வயதுக்கு அது குதூகலம். அறுபத்தைந்து வயதுக்கு அடுத்த இரண்டு மணி நேரத் தலைசுற்றல்.

எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட் என்றொரு படகுச் சவாரி உண்டு. கண்ணாடிப் பசுமைக்குடில்களுக்குள் மெல்ல நகரும். மண்ணில்லாமல் வளரும் காய்கறிகள், கொடியில் தொங்கும் ராட்சதப் பூசணி, மீன் தொட்டிகள். இளசுகள் இதைக் கொட்டாவியோடு கடப்பார்கள். விவசாயக் குடும்பத்துத் தாத்தாவை இறக்குவதுதான் கஷ்டம். அதே பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கட்டடங்கள் உண்டு. சீனா, ஜப்பான், மொராக்கோ எல்லாம் இருக்கின்றன, இந்தியா இல்லை. அந்தக் குறையை அனிமல் கிங்டம் ஒரு விதத்தில் தீர்க்கிறது. அங்கே ஆனந்தபூர் என்று கற்பனையாக ஒரு ராஜ்யம், இடிந்த அரண்மனை, அதில் உலவும் நிஜப் புலிகள், பக்கத்தில் எவரெஸ்ட் கோஸ்டர். ஆளை நனைத்தெடுக்கும் படகுச் சவாரிக்குக் காளியின் பெயரை வைத்திருப்பதைப் பார்த்து உங்கள் அம்மா முகம் சுளித்தால் நான் பொறுப்பல்ல.

மேஜிக் கிங்டத்தின் கேரசல் ஆஃப் புரோகிரஸையும் சொல்ல வேண்டும். 1964-ம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் செய்தது. மேடை அப்படியே இருக்க, நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கம் அதைச் சுற்றி நகரும். ஏசி, மெத்தை இருக்கை, இருபது நிமிடம். மதிய வெயிலில் அதன் அருமை தெரியும். வீல்சேர் இரண்டு இடத்திலும் வாடகைக்குக் கிடைக்கும். ஊரில் நன்றாக நடக்கிறவர்தானே என்று வீம்பு பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

யுனிவர்சலில் மூத்தவர்களுக்கு மிஞ்சுவது டையகன் ஆலியின் வீதி அழகு, ஹாக்வார்ட்ஸ் ரயில், ஸ்டன்ட் காட்சிகள். ரயிலில் ஏற இரண்டு பூங்காவுக்கும் சேர்த்த டிக்கெட் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பட்டர்பியர் என்ற பெயரைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், அதில் மது கிடையாது.

வரிசையும் விலையும்

இரண்டிலும் மூன்று வயதுக்குக் கீழே இலவசம், பத்து வயதானால் பெரியவர் கட்டணம். டிஸ்னியில் ஒருநாள் டிக்கெட் சுமார் 119 டாலரில் தொடங்குகிறது; கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் 200 டாலரை ஒட்டிவிடும். நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும்.

உண்மையான சண்டை வரிசையைத் தாண்டுவதில்தான். ஒரு காலத்தில் டிஸ்னி இலவசமாகத் தந்த ஃபாஸ்ட்பாஸ் போய், இப்போது லைட்னிங் லேன் என்ற பெயரில் காசு வாங்குகிறது. டிஸ்னி ஹோட்டலில் தங்குவோர் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் காலை ஏழு மணிக்குச் செயலியைத் திறந்து நேரம் பிடிக்க வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. ஆனால் விடுமுறைக்கு வந்த இடத்திலும் நாள் முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பது அலுப்பு. டிஸ்னியிடம் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

யுனிவர்சலின் எக்ஸ்பிரஸ் பாஸுக்கு நேரமெல்லாம் பிடிக்க வேண்டாம், காட்டிவிட்டு ஏறலாம். விலைதான் நெஞ்சை அடைக்கும், கூட்ட நாட்களில் நுழைவுச்சீட்டையே மிஞ்சிவிடும். இங்கே விவரமானவர்கள் ஒரு வேலை செய்வார்கள். ஹார்ட் ராக், போர்ட்டோஃபினோ பே, ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்குவோர் அனைவருக்கும் பழைய இரண்டு பூங்காக்களிலும் எக்ஸ்பிரஸ் இலவசம். அறை எடுக்கும் நாளும் காலி செய்யும் நாளும் சேர்ந்தே கணக்கு. ஆகவே ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் வரிசையில்லாமல் சுற்றலாம். ஐந்து பேருக்குத் தனியாக பாஸ் வாங்குவதைவிட அறை வாடகை மலிவாக முடியும் நாட்கள் உண்டு, கூட்டிக் கழித்துப் பாருங்கள். எபிக் யுனிவர்ஸுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அது வேறு வளாகத்தில், பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.

பழைய இரண்டு பூங்காக்களுக்கும் ஹோட்டலிலிருந்து நடந்தே போகலாம், படகும் உண்டு. மதியம் அறைக்கு வந்து குட்டித் தூக்கம் போட்டுவிட்டு மாலையில் திரும்புவது யுனிவர்சலில் எளிது. டிஸ்னியில் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். ஆனால் டிஸ்னி ஹோட்டல்களில் கார் நிறுத்தக் கட்டணம் இல்லை, யுனிவர்சல் ஹோட்டல்களில் உண்டு.

புளியோதரை உள்ளே போகுமா?

டிஸ்னியில் போகும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபண்ணித் தரக் கேட்கக் கூடாது. மற்றபடி வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. யுனிவர்சலில் தண்ணீர் பாட்டில், சிறு நொறுக்குத் தீனி வரை சரி. கட்டுச்சோற்றுக்கு அனுமதி கிடையாது. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது. டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகம் ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மணம் சேர்க்கிறது. அங்கே நான் ரொட்டியும் சட்னி வகைகளும் தட்டு நிறைய வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். சாம்பார் இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் தாங்காதவர்கள் கிஸ்ஸிமி, டேவன்போர்ட் பக்கம் சமையலறையோடு கூடிய விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்தால் ஹோட்டலைவிடச் செலவு குறையும். குக்கரை மட்டும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

எப்போது போவது?

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. நம் பள்ளி விடுமுறையான மே மாதத்தின் முதல் பாதியில் அமெரிக்கப் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும், கூட்டம் அடங்கியிருக்கும். சென்னையிலிருந்து துபாய் வழியாக ஒரே மாற்றத்தில் ஆர்லாண்டோ இறங்கலாம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் வசிப்போருக்கு ஆகஸ்ட் கடைசி வாரங்கள் ஏற்றவை. ஃபுளோரிடா பள்ளிகள் அதற்குள் திறந்திருக்கும், உங்கள் ஊரில் பல இடங்களில் செப்டம்பரில்தான் திறக்கும். வெயில் நம் சித்திரையைத் தோற்கடிக்காது. ஆனால் புழுக்கம் சென்னையை நினைவூட்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது வாடிக்கை, மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகள் நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி அபாயமும் உண்டு. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பதிவு செய்யுங்கள்.

யாருக்கு எது?

வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே குழந்தையும் ஊரிலிருந்து வந்த பெரியவர்களும் இருந்தால் டிஸ்னிக்குப் போங்கள். நான்கு நாள் ஒதுக்கி, மேஜிக் கிங்டத்துக்கு அதில் இரண்டைக் கொடுங்கள். கடைசிப் பிள்ளையும் 130 செ.மீ. தாண்டியிருந்தால், தாத்தா பாட்டி உடன் வராவிட்டால், யுனிவர்சல். பழைய பூங்காக்களுக்கு இரண்டு நாள், எபிக் யுனிவர்ஸுக்கு ஒரு நாள் போதும், டிஸ்னியைவிடச் செலவும் அலைச்சலும் குறையும். ஐந்து வயதும் பதினைந்து வயதும் ஒரே வீட்டில் இருந்தால் டிஸ்னியில் தங்குங்கள். நடுவில் ஒரு நாள் பெரியவனோடு அப்பாவோ அம்மாவோ மட்டும் யுனிவர்சல் போய்வரட்டும்.

ஒரே வாரத்தில் இரண்டையும் முழுதாகப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஓடிய குடும்பங்கள் நான்காம் நாள் மாலையில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாத நடை காத்திருக்கிறது. எனவே விமான டிக்கெட் எடுத்த கையோடு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு நல்ல நடை ஷூ ஒரு ஜோடி வாங்கி, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழகச் சொல்லுங்கள்.